‘பர்சுவேடர்ஸ்’ நின்றது ஜேம்ஸ் பாண்டாலா?

‘ரோஜர் மூர் ஜேம்ஸ் பாண்டாக நடிக்கப் போய்விட்டார், அதனால்தான் ‘த பர்சுவேடர்ஸ்’ தொலைக்காட்சித் தொடர் ஒரே பருவத்தோடு நின்றது’ என்றொரு செய்தி பரவி வருகிறது. இது தவறு.

பிரபு குடும்பத்து பிரெட் சின்க்ளேராக மூரும், நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் வறுமையில் வளர்ந்து எண்ணெய்த் தொழிலில் கோடீஸ்வரரான டேனி வைல்டாக டோனி கர்ட்டிசும் நடித்த இத்தொடர், பிரிட்டனின் ஐடிவி தொலைக்காட்சியில் 1971 செப்டம்பரில் தொடங்கி, 24 பகுதிகளுடன் 1972 பிப்ரவரியில் முடிந்தது. மூர்தான் அடுத்த பாண்ட் என்ற அறிவிப்பு அதே ஆண்டு ஆகஸ்டில்தான் வந்தது.

உண்மையான காரணம் அமெரிக்கா. அந்நாட்டுச் சந்தையை நம்பியே தயாரிப்பு நிறுவனத்தின் தலைவர் லூ கிரேடு இதில் பெரும் பணத்தைக் கொட்டியிருந்தார். ஆனால் ஏபிசி தொலைக்காட்சி இதைச் சனிக்கிழமை இரவு பத்து மணிக்கு, எதிர் அலைவரிசையில் ஏற்கெனவே வேரூன்றியிருந்த ‘மிஷன்: இம்பாசிபிள்’ தொடருக்குப் போட்டியாக ஒளிபரப்பியது, பார்வையாளர்கள் திரளாததால், எல்லாப் பகுதிகளும் முடியும் முன்பே நிறுத்திவிட்டது. ஐரோப்பாவில், குறிப்பாக நகைச்சுவை கூட்டி டப்பிங் செய்யப்பட்ட ஜெர்மனியில், கிடைத்த வரவேற்பால் அந்த இழப்பை ஈடுகட்ட முடியவில்லை. மூர் பாண்ட் ஆனது, பின்னாளில் தொடரை உயிர்ப்பிக்கும் வாய்ப்பைக் குறைத்திருக்கலாம். அது வேறு விஷயம்.

தொடரில் சின்க்ளேர் ஓட்டும் மஞ்சள் நிற ஆஸ்டன் மார்ட்டின் காரை எட்டு சிலிண்டர் ‘வி8’ என்பதும் பிழையே: வி8 சக்கரங்களும் சின்னமும் பூட்டப்பட்ட, ஆறு சிலிண்டர் கொண்ட ‘டிபிஎஸ்’ மாடல் கார் அது.