இரண்டு கவிதையிலும் மூன்றாவது ஆள் இல்லை

ஒரு பெண்ணைக் கொன்றவனைப் பற்றி "பாவம், அவ்வளவு காதல் அவனுக்கு" என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆங்கிலக் கவிஞர் ராபர்ட் பிரௌனிங்கின் 'போர்ஃபிரியாஸ் லவர்' (போர்ஃபிரியாவின் காதலன்) கவிதையைப் பற்றிப் பேசும்போதும் இதே பேச்சு வந்துவிடுகிறது. அதீதக் காதலாம். அந்தக் கவிதையில் காதலித்தவள் போர்ஃபிரியா மட்டும்தான்.

1836-ல் அது அச்சில் வந்தபோது பிரௌனிங்குக்கு 23 வயது. மொத்தம் 60 வரிதான். கதையைச் சொல்பவன் அந்தக் காதலன். புயல் இரவில் போர்ஃபிரியா அவனுடைய குடிலுக்கு வருகிறாள், கதவைச் சாத்துகிறாள், கணப்பில் தீ மூட்டுகிறாள், நனைந்த மேலங்கியைக் கழற்றி வைத்துவிட்டு அவனைக் கூப்பிடுகிறாள். பதில் இல்லை. அவன் கையை எடுத்துத் தன் இடுப்பில் அவளே போட்டுக்கொண்டு, காதலைச் சொல்கிறாள். அவள் தன்னை ஆராதிக்கிறாள் என்று அவனுக்கு உறுதியான அந்த நிமிஷத்தில்தான், அவளுடைய நீண்ட கூந்தலையே மூன்று சுற்றாகக் கழுத்தில் சுற்றி நெரிக்கிறான். அவள் மறுக்கவில்லை, ஏமாற்றவில்லை. ஆனால் உயிரோடு இருப்பவள் நாளைக்கு மனசு மாறலாம், தன் அந்தஸ்துக்கே திரும்பிப் போய்விடலாம், அந்த நாளையைத்தான் அவனால் பொறுக்க முடியவில்லை. அப்புறம், அவளுக்கு வலிக்கவே இல்லை என்று இரண்டு தடவை சொல்கிறான். யார் கேட்டது?

சரி, அவன் பைத்தியம் என்று சொல்லிக் கடந்துவிடலாம். 1842-ல் வந்த தன் தொகுப்பில் பிரௌனிங்கே அதை மனநோய் விடுதி என்று பொருள்படும் ஒரு தலைப்பின் கீழ்தான் வைத்தார். ஆனால் அதே தொகுப்பில்தான் 'மை லாஸ்ட் டச்சஸ்' கவிதையும் இருக்கிறது, அதில் பேசுகிற இத்தாலியின் ஃபெராரா நகரத்துப் பிரபுவுக்கு ஒரு பைத்தியமும் இல்லை. இறந்த மனைவியின் ஓவியத்தை, பெண் வீட்டிலிருந்து வந்த தூதருக்குத் திரை விலக்கிக் காட்டிக்கொண்டே அடுத்த கல்யாணத்துக்கான வரதட்சணையைப் பேசுகிறான். அவள் செய்த குற்றம் என்ன? சூரிய அஸ்தமனம், யாரோ ஒடித்துத் தந்த செர்ரிக் கிளை, அவள் ஏறிப் போகும் வெள்ளைக் கோவேறு கழுதை, இவனுடைய 900 வருஷத்துக் குடும்பப் பெயர் எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி மகிழ்ந்தாள். 'இது எனக்குப் பிடிக்கவில்லை' என்று அவளிடம் வாய்விட்டுச் சொல்வதுகூட இவனுக்குக் கௌரவக் குறைவு. அதனால் ஆணையிட்டான், புன்னகைகள் நின்றன.

இரண்டிலும் போட்டிக்காரன் என்று ஒருவன் கிடையாது. அவள் தனியாக ஒரு மனுஷியாக இருப்பதே போதுமான காரணமாகிவிடுகிறது. இதை வெறும் பொறாமைக் கதையாகப் படிப்பவர்கள்மேல் எனக்குக் கோபம் அதனால்தான். இத்தாலி, பதினாறாம் நூற்றாண்டு என்று பிரௌனிங் தள்ளி வைத்தாலும், அன்று இதைப் படித்த இங்கிலாந்தில் கல்யாணமான பெண்ணின் சம்பாத்தியமே கணவனுடையது. அவள் தன் பெயரில் சொத்து வைத்துக்கொள்ள முழு உரிமை தந்த சட்டம் வர 1882 ஆனது.

அந்தப் பிரபுவுக்கு மூலம் என்று சொல்லப்படுபவன் இரண்டாம் அல்ஃபோன்சோ. 1558-ல் லுக்ரேசியா டி மெடிச்சியை மணந்தபோது அவளுக்கு 13 வயது, 1561-ல் இறந்துவிட்டாள். காசநோயாக இருக்கலாம் என்கிறார்கள், விஷம் என்ற வதந்தியும் நிலைத்துவிட்டது.

எனக்கு அவனைவிடவும் பெரிய உறுத்தல், எதிரில் இருந்து கேட்கும் அந்தத் தூதர்தான். 56 வரி முழுக்க அவர் பேசியதாக நமக்கு ஒன்றும் தெரிவதில்லை. கீழே இறங்கிப் போய்ப் பெண்ணின் தகப்பனிடம் என்ன சொன்னார் என்பதைக் கவிதை சொல்லவில்லை. நிஜத்தில் அல்ஃபோன்சோவுக்கு 1565-ல் அடுத்த கல்யாணம் நடந்தது, 1579-ல் இன்னொன்றும்.