மெரோவேக்கு இப்போது போகாதே தம்பி

"அண்ணா, சூடானுக்கு இப்போ போலாமா?" என்று ஒரு தம்பி இன்பாக்ஸில் கேட்டிருந்தான். பயண வீடியோ போடுகிறவன். எகிப்தைவிட அங்கே பிரமிடுகள் அதிகம், கூட்டமும் கிடையாது என்று எங்கோ படித்திருக்கிறான். இரண்டும் உண்மைதான். ஆனாலும் போகாதே என்றுதான் சொன்னேன். ஏன் என்பதை எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன்.

சூடானின் தலைநகர் கார்ட்டூமில் ஜெனரேட்டர் பழுது பார்க்கும் வேலையில் இருந்தேன். 2020 ஜனவரியில் ஒரு வெள்ளிக்கிழமை, கம்பெனி டிரைவரோடு அந்தப் பிரமிடுகள் இருக்கும் மெரோவேக்குப் போனோம். ஷெண்டி என்ற ஊரைத் தாண்டியதும் ரோட்டிலிருந்தே பிரமிடுகள் தெரியும். மணலில் கால் புதைய ஏற வேண்டும். எகிப்தில் இருப்பதுபோல் பருத்தவை அல்ல. ஒல்லியாகச் செங்குத்தாக நிற்பவை, பெரியதே 30 மீட்டர்தான் வரும். பலவற்றுக்குத் தலையே இல்லை. 1834இல் ஃபெர்லினி என்ற இத்தாலிய மருத்துவர் தங்கம் தேடி இடித்துத் தள்ளியிருக்கிறார். அமனிஷகெத்தோ என்ற அரசியின் நகைகள் அவர் கையில் சிக்கின. இன்று அவை பெர்லினிலும் மியூனிக்கிலும் இருக்கின்றன.

அன்று பள்ளிக்கூடப் பெண்கள் கொஞ்சம் பேர் வந்திருந்தார்கள். எதிரிகளை ஈட்டியால் குத்தும் பருத்த அரசியின் சிற்பம் ஒன்று சுவரில் இருக்கிறது. அதைப் பார்த்ததும் ஒருத்தி "கந்தாக்கா!" என்று கத்தினாள், மற்றவர்கள் கைதட்டினார்கள். கந்தாக்கா என்றால் குஷ் நாட்டு அரசி. இந்தப் பிரமிடுகளைக் கட்டிய பழைய ராஜ்ஜியம்தான் குஷ். அதற்கு முந்தைய வருடம்தான் மக்கள் தெருவில் இறங்கி, சர்வாதிகாரி பஷீரின் முப்பது வருட ஆட்சி முடிந்திருந்தது. போராட்டத்தில் முன்னால் நின்ற பெண்களை ஊரே கந்தாக்கா என்றுதான் கூப்பிட்டது. "எங்கள் தாத்தா தஹார்கா, பாட்டி கந்தாக்கா" என்று கோஷம் போட்டார்கள். தஹார்கா குஷ் நாட்டு அரசர். இரண்டாயிரம் வருடத்துக் கல், அந்தப் பிள்ளைகளுக்குச் சொந்தப் பாட்டி வீடு. எனக்கு அன்றுதான் அது புரிந்தது.

2023 ஏப்ரல் 15, சூடான் ராணுவமும் ஆர்.எஸ்.எஃப் என்ற துணை ராணுவப் படையும் மோதின. இந்தியர்களை மீட்க நம் அரசு நடத்திய ஆபரேஷன் காவேரியில் நான் போர்ட் சூடான் வழியாக ஜித்தா வந்து, ஊர் சேர்ந்துவிட்டேன். எனக்குத் திரும்ப ஒரு ஊர் இருந்தது. அந்த டிரைவருக்கு அதுதான் ஊர். அவரைப்போல ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்கள் வீட்டை விட்டு ஓடியிருக்கிறார்கள். மேற்கே டார்ஃபூரில் இருக்கும் எல் ஃபாஷெர் நகரம் ஒன்றரை வருட முற்றுகைக்குப் பிறகு 2025 அக்டோபரில் விழுந்தபோது நடந்ததை எழுதக் கை வரவில்லை.

கார்ட்டூமின் தேசிய அருங்காட்சியகத்தையும் சூறையாடிவிட்டார்கள். அஸ்வான் அணையில் மூழ்கவிருந்த கோவில்களைக் கல் கல்லாகப் பெயர்த்து வந்து அதன் தோட்டத்தில் நிறுத்தியிருந்தார்கள். தங்கப் பொருட்கள் இருந்த அறை காலி. தஹார்காவின் பெரிய சிலை மட்டும், தூக்க முடியாததால், தனியாக நிற்கிறது. திருடுபோனவை எங்கேயாவது ஆன்லைனில் விலைக்கு வரும். 'நூபியன்' (அந்தப் பகுதியின் பழைய பெயர் நூபியா), 'குஷ்' என்று பழம்பொருள் எதையாவது பார்த்தால் தயவுசெய்து வாங்காதீர்கள். அந்த நாட்டுக்காக நாம் இப்போது செய்யக்கூடியது அதுதான்.

"மெரோவே பக்கம் சண்டை இல்லையே" என்கிறான் தம்பி. அந்தப் பக்கத்து அத்பராவையும் ட்ரோன்கள் விட்டுவைக்கவில்லை. அந்த ஊர்களெல்லாம் அகதிகளால் நிரம்பியிருக்கின்றன. அங்கே டீசலும் ரொட்டியும் யாருக்கு முதலில் போக வேண்டும்? கேமராவோடு வருகிற நமக்கா?

ஆனால் சண்டை ஓய்ந்த பிறகு கட்டாயம் போக வேண்டும் என்பதிலும் நான் உறுதியாக இருக்கிறேன். பெரிய டூர் கம்பெனியின் கூடாரத்தில் தங்கி, வந்த சுவடு தெரியாமல் திரும்பாதே. ஷெண்டியில் இறங்கி, அந்த ஊர் வண்டியைப் பிடி, ஒட்டகக்காரரிடம் பேரம் பேசாதே. ரோட்டோரத்தில் கரி அடுப்பு வைத்து டீ போடும் அம்மாக்கள் இருப்பார்கள். எனக்கு இஞ்சியும் பட்டையும் தட்டிப் போட்டுக் கொடுத்தவர், நான் "ஹிந்தி", அதாவது இந்தியன், என்று தெரிந்ததும் காசே வாங்க மாட்டேன் என்று அடம்பிடித்தார். டிரைவர்தான் அவருடைய டப்பாவுக்கு அடியில் நோட்டைச் செருகிவிட்டு வந்தார். நீயும் அப்படியே செய்.