ஆன்டிபாடி டெஸ்ட் நெகட்டிவ் வந்தால் என்ன அர்த்தம்?

'நெகட்டிவ்' என்று கண்ணில் பட்டதுமே ரிப்போர்ட்டை மடித்து வைத்துவிடுகிறோம். எந்த டெஸ்ட், எத்தனையாவது நாள் எடுத்தது என்று யாரும் பார்ப்பதில்லை. கொரோனாவை எதிர்க்க உடம்பு தயாரிக்கும் புரதம்தான் ஆன்டிபாடி. அதை ரத்தத்தில் தேடும் டெஸ்ட்டுக்கு அந்த இரண்டும்தான் முக்கியம்.

2021 கடைசியில் எங்கள் வளவில் ஒரு சாந்திக் கல்யாணம். முடிந்த கையோடு வீடே இருமியது. தேவகோட்டை ஆச்சிக்குக் காய்ச்சல் வந்த நாலாம் நாள் ரத்தம் எடுத்தார்கள். ஐஜிஎம், ஐஜிஜி என்ற இரண்டு வகை ஆன்டிபாடிக்கும் நேரே 'நான்-ரியாக்டிவ்', அதாவது நெகட்டிவ். ஆச்சி மாஸ்க்கைக் கழற்றிவிட்டு, பட்டாலையில் உட்கார்ந்து பேத்திக்குச் சோறு ஊட்ட ஆரம்பித்துவிட்டார். கேட்டால், "எனக்கு ஒண்ணுமில்லைன்னு தாள்லயே போட்டிருக்காகளே!"

உடம்பு ஆன்டிபாடி தயாரிக்கவே ஒன்று முதல் மூன்று வாரம் ஆகும். நாலாம் நாள் ரத்தத்தில் தேடினால் எப்படிக் கிடைக்கும்? அப்போது எடுக்க வேண்டியது மூக்கில் குச்சி விட்டு எடுத்து, வைரஸையே தேடும் ஆர்டி-பிசிஆர்.

அயித்தான் கதை வேறு. கோவிஷீல்டு இரண்டு ஊசியும் போட்டவர். அவருக்கும் நெகட்டிவ். "ஊசி வேலை செய்யலையா?" என்று ஒரே புலம்பல். ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்தால், கீழே பொடி எழுத்தில் 'நியூக்ளியோகேப்சிட்' என்று இருந்தது. அது வைரஸுக்கு உள்ளே இருக்கும் ஒரு புரதம்; அதற்கு எதிரான ஆன்டிபாடியைத்தான் அந்த டெஸ்ட் தேடியிருக்கிறது. கோவிஷீல்டு உடம்புக்குக் காட்டிக்கொடுப்பது வைரஸின் மேலே முள் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்பைக் புரதத்தை மட்டும்தான். நியூக்ளியோகேப்சிட் ஆன்டிபாடி தொற்று வந்தால் உண்டாகும். முழு வைரஸையும் செயலிழக்கச் செய்து தயாரித்த கோவாக்சின் போட்டவர்களுக்கும் வரலாம். ஆக, அந்த டெஸ்ட் ஊசியைப் பற்றி எதுவுமே சொல்லவில்லை. தொற்று வந்தே இல்லை என்றும் அடித்துச் சொல்ல முடியாது. மாதங்கள் போனால் ஆன்டிபாடி குறையும். அது குறைந்தாலும், வைரஸை நினைவில் வைத்திருக்கும் செல்கள் இருக்கும். இந்த டெஸ்ட் அவற்றைப் பார்ப்பதில்லை.

லேபில் கேட்டதற்கு, "டாக்டரைக் கேளுங்க" என்றார்கள். டாக்டர் எழுதிக்கொடுத்த டெஸ்ட்டா அது? பேக்கேஜில் நீங்களே சேர்த்துவிட்டதுதானே!

ஊசிக்குப் பிறகு எதிர்ப்புச் சக்தியை அளக்க இந்த டெஸ்ட்டை நம்ப வேண்டாம் என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2021 மே மாதமே சொல்லிவிட்டது. ஊர் உலகத்தைக் கணக்கெடுக்க இது உதவும், மறுக்கவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலான ஐசிஎம்ஆர் 2021 ஜூன், ஜூலையில் நாடு முழுக்க எடுத்தபோது 67.6 சதவீதம் பேருக்கு ஆன்டிபாடி இருந்தது. தனி ஆள் மனத்திருப்திக்கு எடுப்பது, என்னைக் கேட்டால், தண்டச் செலவு. எடுத்தே தீருவேன் என்பவர்கள், ஸ்பைக்கா நியூக்ளியோகேப்சிட்டா என்று பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.