12 வரை எண்ணத் தெரிந்தால் போதுமா?

போன திங்கட்கிழமை புளூஸ் ஜாமில், அதாவது முன்பின் தெரியாதவர்களும் மேடையேறிச் சேர்ந்து வாசிக்கும் இரவில், நடந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் அந்த வீடியோ நம் சிகாகோ தமிழ் நண்பர்களின் வாட்ஸ்ஆப் குழு வரைக்கும் வந்துவிட்டது. அதன் கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். அதைப் பார்த்த பிறகு பேசாமல் இருக்க முடியவில்லை.

வீடியோவில் இருப்பது நாற்பது விநாடி. ஒரு பெரியவர் ஸ்லோ புளூஸ் பாடுகிறார். புளூஸ் கறுப்பின அமெரிக்கர்களின் பாட்டு; வழக்கமாகப் பன்னிரண்டு பார், அதாவது பன்னிரண்டு தாள வட்டம், ஒரு சுற்று. நாலு பார் முடிந்து ஐந்தாவதில் கார்டு, அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு, மாற வேண்டும். அவர் மாறவில்லை. பாடிய வரியையே இன்னொரு தடவை, இன்னும் இறக்கிப் பாடுகிறார். கிதார் வாசித்த பையன் கையை நிறுத்திவிட்டு மைக்கில் சொல்கிறான்: "சார், புளூஸுக்குப் பன்னிரண்டு பார்." கூட்டம் சிரிக்கிறது. பெரியவர் மைக்கை ஸ்டாண்டில் மாட்டிவிட்டு இறங்கிப் போகிறார். வீடியோ அங்கே முடிந்துவிடுகிறது. அவர் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு, யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் வெளியே போனது அதில் இல்லை. நான் அங்கே இருந்தேன், பார்த்தேன்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். பாடுகிறவரைக் காது கொடுத்துக் கேட்டு, அவர் எங்கே போகிறாரோ அங்கே கூடப் போகத் தெரிந்தவன்தான் புளூஸ்காரன். பன்னிரண்டு வரை எண்ணுவதற்கு ஒரு மெஷின் போதும்.

புளூஸ் பாடகர் ஜான் லீ ஹுக்கரை எடுத்துக்கொள்ளுங்கள். டெட்ராய்ட்டில் தொழிற்சாலையில் துப்புரவு வேலை பார்த்த மனிதர். 1948இல் அவர் பதிவு செய்த முதல் இசைத்தட்டில் ஒரு கிதார், ஒரு குரல், காலால் தட்டும் சத்தம், அவ்வளவுதான். பாட்டு முழுக்க ஏறக்குறைய ஒரே கார்டு. பிற்காலத்தில் பேண்டோடு வாசித்தபோதும் நினைத்த இடத்தில் மாறுவார், நினைத்தால் மாறவே மாட்டார். பதினொன்றரை பார் வரும், பதிமூன்று வரும். அவர் பாட்டுக்குள் கணக்கு இருந்தது, அந்தக் கணக்கு அவர் மூச்சில் இருந்தது. நம் பையன் அன்றைக்கு அவர் பக்கத்தில் நின்றிருந்தால் ஜான் லீ ஹுக்கரையும் நிறுத்தியிருப்பான்.

"ஜாம் என்றால் ஒழுங்கு வேண்டாமா, முன்பின் தெரியாத அஞ்சு பேர் சேர்ந்து வாசிக்கும் இடமாச்சே" என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். வேண்டும். எனக்கும் அந்த ஒழுங்கு தெரியும். வந்ததும் தாளில் பெயர் எழுது. ஆளுக்கு மூணு பாட்டு. அடுத்தவர் பாடும்போது ஆம்ப்பைக் குறை. கீ, அதாவது சுருதி, என்ன, துள்ளலான ஷஃபிளா ஸ்லோவா என்று பாடுகிறவர் சொல்வார், அப்புறம் அவரையே பார்த்துக்கொண்டிரு. எந்த ஜாமுக்குப் போனாலும் இதுதான். அன்றைக்குப் பாடியவர் பெரியவர். அவரைப் பார்க்காமல் தன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தது யார்? பேஸ் வாசித்த அம்மா மாறவில்லை, டிரம்ஸ் மாறவில்லை, இருவரும் அவர் கூடவே காத்திருந்தார்கள். வீடியோவைச் சத்தம் வைத்துக் கேட்டால் தெரியும்.

"கர்நாடகக் கச்சேரியில் தாளம் தப்பினால் விடுவார்களா?" இதுவும் ஒரு கேள்வி. பாடகர் ஓர் அட்சரம் வழுக்கினால் நல்ல மிருதங்கக்காரர் என்ன செய்வார்? சபைக்குத் தெரியாமல் தாங்கிப் பிடித்துக் கொண்டுபோவார். வாசிப்பை நிறுத்திவிட்டு மைக்கில் அறிவிக்க மாட்டார்.

இன்னொருவர் பழைய புளூஸ் பாடகர் சன் ஹவுஸ் சொன்ன கதையை எனக்கே நினைவூட்டுகிறார். பின்னாளில் பெரிய புளூஸ் கலைஞராகப் பேர் வாங்கிய ராபர்ட் ஜான்சன் மிசிசிப்பியில் சின்னப் பையனாக இருந்தபோது, பெரியவர்கள் இடைவேளைக்கு எழுந்து போனதும் அவர்கள் கிதாரை எடுத்துக் கர்ணகடூரமாக வாசிப்பானாம். சனங்கள் வந்து அவனை நிறுத்தச் சொல்வார்களாம். சன் ஹவுஸ் திட்டுவாராம். அப்புறம் ஊரைவிட்டுப் போய், திரும்பி வந்தபோது எல்லாரையும் மிஞ்சி வாசித்தானாம். சரி, அந்தக் கதை எனக்கும் பிடிக்கும். அங்கே திட்டு வாங்கியது கற்றுக்கொள்ள வந்த பையன், திட்டியது அந்த இசையிலேயே ஊறிய மனிதர். திங்கட்கிழமை நடந்தது இதற்கு நேர்த் தலைகீழ். அதையும் இதையும் ஒன்றாக வைக்க எப்படி மனம் வருகிறது?

இந்தப் பெரியவரை எனக்கு எப்படித் தெரியும் என்று சொல்லிவிடுகிறேன். 2009 குளிர்காலம். வந்து எட்டு மாதத்தில் வேலை போயிருந்தது. விசா என்னவாகும் என்று தெரியாது, ஊரில் யாருக்கும் சொல்லவில்லை. ஒரு திங்கட்கிழமை இரவு குளிர் தாங்காமல் அந்த ஜாம் நடக்கும் இடத்தின் கதவைத் திறந்து உள்ளே போனேன். சட்டைப் பையில் காலேஜ் காலத்து மவுத் ஆர்கன் இருந்தது. மூணாவது வாரம் தைரியம் வந்து தாளில் பெயர் எழுதினேன். மேடையேறினால் பாட்டு ஈ கீயில் போகிறது. அதற்கு ஏ ஹார்மோனிகா வேண்டும்; ஹார்மோனிகா என்றால் மவுத் ஆர்கன்தான், ஒவ்வொன்றும் ஒரு கீயில் இருக்கும். என்னிடம் இருந்தது சி, அது ஒன்றே ஒன்று. ஊதிய ஒவ்வொரு சுரமும் பாட்டோடு முட்டியது. இறங்கிவிடலாம் என்று திரும்பினேன்.

அப்போது பாடிக்கொண்டிருந்தவர் இவர்தான். அந்தப் பாட்டைச் சீக்கிரமாக முடித்துவிட்டு, என் கையில் இருந்ததை வாங்கி அதன் மேல் இருந்த எழுத்தைப் பார்த்தார். பேண்டைத் திரும்பிப் பார்த்து, "அடுத்தது ஜியில்" என்றார். சி ஹார்மோனிகாவில் புளூஸ் ஜியில்தான் உட்காரும். அது அன்றைக்கு எனக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்திருந்தது. எனக்காக, பெயர்கூடக் கேட்காத ஒருவனுக்காக, தன் பாட்டின் கீயை மாற்றிப் பாடினார். குரலுக்கு அது எட்டாத உயரம், அங்கங்கே பிசிறியது. "எனக்குப் பதில் சொல்லு தம்பி, நான் பாடி முடிச்சதும் ஊது" என்றார். நான் ஊதினேன். அந்தக் குளிர்காலத்தில் என்னை யாராவது ஒருவர் கவனித்தார் என்றால் அது அவர்தான்.

மிசிசிப்பியிலிருந்து ஒன்பது வயதில் அம்மாவோடு ரயிலேறி இந்த ஊருக்கு வந்தவர். சிகாகோவில் முப்பது வருஷம் பஸ் ஓட்டினார். ஞாயிற்றுக்கிழமை மேக்ஸ்வெல் தெருச் சந்தையில், பக்கத்து வீட்டு ஜன்னலிலிருந்து காசு கொடுத்துக் கரண்ட் இழுத்து வாசித்தவர்களைப் பார்த்து வளர்ந்தவர். அந்தச் சந்தையை 1994இல் அங்கிருந்து அகற்றினார்கள். இப்போது அந்தத் தெருவில் நின்றால் அப்படி ஒன்று இருந்ததென்றே தோன்றாது. அதைப் பற்றிக் கேட்டால் கடை கடையாகச் சொல்வார், எங்கே எந்தச் சாப்பாடு, யார் எந்த மூலையில் வாசித்தார் என்று. அவருக்குத்தான் புளூஸுக்கு எத்தனை பார் என்று சொல்லிக் கொடுத்தார்கள்.

"நீ யார் இதைச் சொல்ல? சாஃப்ட்வேர் வேலை பார்க்கிற தமிழனுக்கு புளூஸ் என்ன தெரியும்?" இது ஒருவர் தனிச்செய்தியில் அனுப்பியது. வலித்தது, மறைக்க விரும்பவில்லை. நான் ஒருநாளும் என்னைப் புளூஸ்காரன் என்று சொல்லிக்கொண்டதில்லை. இந்த இசை கறுப்பின மக்களுடையது. பருத்திக் காட்டிலிருந்தும் ரயிலில் வந்த குடும்பங்களிலிருந்தும் வந்தது. வெளியிலிருந்து வந்தவன் அதற்குள் எப்படி நடந்துகொள்வது என்பதற்கு ஆலன் வில்சன் இருக்கிறார். பாஸ்டனிலிருந்து வந்த, தடித்த கண்ணாடி போட்ட வெள்ளைக்காரப் பையன். 1964இல் ரசிகர்கள் சிலர் சன் ஹவுஸைத் தேடிக் கண்டுபிடித்தபோது சன் ஹவுஸ் வாசிப்பை விட்டுப் பல வருஷமாகியிருந்தது. சன் ஹவுஸின் பழைய பாட்டுகளை அவருக்கே திரும்ப நினைவூட்ட, பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்டியவர் இந்த வில்சன். 1970இல் ஜான் லீ ஹுக்கரோடு ஓர் இசைத்தட்டுக்காக ஹார்மோனிகா வாசித்தார். யாரும் எண்ணிப் பிடிக்க முடியாத அந்த ஹுக்கரை விட்டு விலகாமல் கூடவே போனார். இந்தப் பையன் எப்படி என்னைத் தொடர்ந்து வருகிறான் என்று ஹுக்கரே வியந்து பேசுவது அந்தப் பதிவிலேயே கேட்கிறது. இசைத்தட்டு 1971இல் வெளிவந்தபோது வில்சன் உயிரோடு இல்லை. 27 வயது.

கேட்டு, கூடப் போவது. நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்.

அந்தக் கிதார் பையன் சின்னவன், ஏதோ தெரியாமல் செய்துவிட்டான் என்கிறார்கள். விரல் வேகமாகத்தான் போகிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஆள் போன பிறகு அவன் இன்னும் ரெண்டு பாட்டு வாசித்தான். வாசலுக்குப் போய்க் கூப்பிடவில்லை. இந்தச் சிகாகோவில் ஹவுண்ட் டாக் டெய்லர் என்று ஒருவர் மலிவு கிதாரும் கரகரக்கும் ஆம்ப்பும் வைத்துக்கொண்டு கேட்டவர்களை ஆடவைத்தார். நான் செத்த பிறகு 'அவனுக்கு வாசிக்கத் தெரியாது, ஆனா கேட்க நல்லா இருந்துச்சு' என்பார்கள் என்று தன்னைப் பற்றியே சொன்னவர் அவர்.

பையனை விடுங்கள். எனக்கு அதைவிட வருத்தம் நம் குழுவில் சிரித்தவர்கள் மேல்தான். இந்த ஊருக்கு வந்த முதல் குளிர்காலத்தில் கவுன்ட்டரில் நின்று, இங்கிலீஷ் வராமல் ஒரே வரியை ரெண்டு தடவை சொல்லி, எதிரில் இருந்தவர் உதட்டைச் சுழிப்பதைப் பார்த்தவர்கள்தானே நாம் எல்லாரும்? எண்பதை நெருங்கும் ஒருவர் ஒரு வரியை ரெண்டு தடவை பாடினால் அதே சிரிப்பு நமக்கு எங்கிருந்து வந்தது?

வீடியோவை வைத்திருப்பவர்கள் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். நேற்று அவருக்கு போன் செய்தேன். முழங்கால் வலி என்றார், பனி அதிகம் என்றார், அப்புறம் பார்க்கலாம் தம்பி என்றார். வரும் திங்கட்கிழமை மாலை ஆறரைக்கு அவர் வீட்டு வாசலில் காரோடு நிற்கப் போகிறேன். பேஸ் வாசிக்கும் அம்மாவும் என்னோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார். காரில் இன்னும் ரெண்டு பேருக்கு இடம் இருக்கிறது.