தங்கள் ஆட்களுக்கு மட்டும்தானே?

ஞாயிற்றுக்கிழமை எங்கள் தமிழர் கூட்டத்தில் மேடையிலிருந்து வந்த அந்த ஒரு வரியைப் பற்றி எழுதுவதில்லை என்று இரண்டு நாள்கள் பொறுத்திருந்தேன். கொரோனாக் காலத்தில் லண்டன் யூதர்களின் தொண்டு அமைப்புகள் செய்த உதவிகளைப் பற்றிப் பேச்சு வந்தபோது, "அவர்கள் தங்கள் ஆட்களுக்கு மட்டும்தானே செய்தார்கள்" என்றார் அந்தப் பெரியவர். சபையும் சிரித்தது.

தங்கள் ஆட்களுக்குச் செய்தார்கள். ஆம். அதில் குற்றம் எங்கே இருக்கிறது? 2020 மார்ச் 23ஆம் திகதி முடக்கம் அறிவிக்கப்பட்டது. ஏப்ரல் 8ஆம் திகதி மாலை யூதர்களின் பாஸ்கா பண்டிகை தொடங்கியது. இடையில் இருந்தவை 16 நாள்கள். பாஸ்கா முடியும்வரை புளித்த மாவில் செய்த எதையும் மதநெறி பேணும் யூதர்கள் தொடமாட்டார்கள். பாணும் பாஸ்தாவும் நிறைந்த பொது உணவுப் பொதியை வைத்துக்கொண்டு, வெளியே போகக்கூடாதென்று சொல்லப்பட்ட ஒரு மூதாட்டி என்ன செய்வார்? சைவக்காரருக்கு மீன் ரின்னைக் கொடுத்துவிட்டு "இதுவும் சாப்பாடுதானே" என்று சொல்வோமா? அவருக்குப் புளிக்காத மாவில் சுட்ட மட்சா அப்பம் வேண்டும் என்பது அவருடைய ஆட்களுக்குத்தான் தெரியும். தெரிந்தவர்கள் செய்தார்கள்.

பாஸ்கா இரவில் வீட்டின் மிக இளையவர் அந்த இரவைப் பற்றி நான்கு கேள்விகள் கேட்க வேண்டும். தனித்திருப்பவர் தன்னைத் தானே கேட்டுக்கொள்ள வேண்டும் என்று யூதர்களின் பழைய சமய நூலான தல்மூத் சொல்கிறது. அந்த ஆண்டு எத்தனை முதியவர்கள் தங்களையே கேட்டிருப்பார்கள் என்று அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

"அவர்கள் பணக்காரர்கள், அவர்களால் முடியும்" என்பீர்கள். கிழக்கு லண்டனில் புரூன் தெருவுக்குப் போய், "யூத ஏழைகளுக்கான சூப்புக் கூடம்" என்று 1902இல் கல்லில் பொறித்த முகப்பைப் பார்த்துவிட்டு வாருங்கள். 1859இல் அகதிகளையும் ஏழைகளையும் பராமரிக்கத் தொடங்கிய யூதச் சபையின் வழிவந்ததுதான், 1990இல் இணைப்பின் மூலம் உருவான இன்றைய ஜூயிஷ் கேர் என்ற தொண்டு அமைப்பு. நோய் வந்த பிறகு கூடிப் படம் எடுத்து உருவாக்கிய அமைப்பு அல்ல.

இஸ்ரேலை இழுத்து வருவீர்கள் என்பதும் தெரியும். மருந்து வாங்க வெளியே போக முடியாத 90 வயதுக் கிழவிக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று சொல்லிவிட்டு இழுங்கள்.

அந்த முதியவர்களில் சிலர் சிறுவயதில் நாஜிகளுக்கு ஒளிந்திருந்து பட்டினி கிடந்தவர்கள். கதவைத் திறக்காதே, வெளியே போகாதே என்ற சொற்கள் அவர்களுக்கு எப்படிக் கேட்டிருக்கும் என்பதை, போரில் பங்கருக்குள் இருந்து வந்த நாங்கள் அல்லவா முதலில் உணர்ந்திருக்க வேண்டும்? என் அம்மா உணர்ந்தார். லண்டன் ஹரோவில் தனியே இருந்த அவர், தெருவில் அம்புலன்ஸ் சத்தம் கேட்டால் விளக்கை அணைத்துவிடுவார்.

அம்மாவுக்கும் ஒரு பொதி வந்தது, எங்கள் ஆட்களிடமிருந்துதான். ஐந்து கிலோ அரிசி, பருப்பு, தேயிலை. வாசலில் வைத்துவிட்டுப் போயிருக்கலாம். முகக்கவசத்தைக் கொஞ்சம் இறக்கிவிட்டுக் கமராவைப் பார்க்கச் சொன்னார்கள். யாழ்ப்பாணத்தில் 32 வருடம் ஆசிரியையாக இருந்தவர், இரு கையாலும் பொதியை ஏந்திக்கொண்டு பார்த்தார்.

கொடுப்பவரை வாங்குபவரும், வாங்குபவரைக் கொடுப்பவரும் அறியாமல் கொடுப்பதை ஈகையின் எட்டுப் படிகளில் இரண்டாவது உயர்ந்த படியாக வைத்தார் யூத அறிஞர் மைமோனிடிஸ். 12ஆம் நூற்றாண்டில். அவர்களிடமும் படம் எடுத்தவர்கள் இருந்திருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் வாங்குபவரின் முகத்தைக் காப்பாற்றுவதும் கொடையின் பகுதி என்று எழுதியாவது வைத்திருக்கிறார்களே. நாங்கள் எழுதியது என்ன? படத்துக்குக் கீழே நன்கொடையாளர் பெயர்ப் பட்டியல்.

தங்கள் ஆட்களுக்கு மட்டும் செய்தார்களாம். எங்கள் ஆட்களுக்கு நாங்கள் செய்த விதத்தையும் அந்த மேடையில் ஒருமுறை பேசியிருக்கலாம், பெரியவரே. அம்மா இப்போது இல்லை. அந்தப் படத்தை நீக்கச் சொல்லி இரண்டு முறை எழுதினேன். இன்னும் பொதி தந்த சங்கத்தின் இணையப் பக்கத்தில்தான் இருக்கிறது.