பழைய மதர்போர்டில் புதிய கிராபிக்ஸ் கார்டு இயங்காதா?

பிசிஐஇ என்பது கார்டுகளை மதர்போர்டோடு இணைக்கும் தரநிலை; 3.0, 4.0 என்பவை அதன் தலைமுறைகள். 'பிசிஐஇ 4.0 கிராபிக்ஸ் கார்டை 3.0 ஸ்லாட் உள்ள மதர்போர்டில் பொருத்தினால் இயங்காது; மதர்போர்டையும் மாற்றியாக வேண்டும்' என்று பரவிவரும் செய்தி தவறானது. பிசிஐஇ தரநிலை பழைய தலைமுறைகளோடு ஒத்துப்போகும்படியே வகுக்கப்பட்டது என்பதால், கார்டும் ஸ்லாட்டும் தமக்குப் பொதுவான வேகத்துக்குத் தாமாகவே இறங்கிவந்து இயங்கும். தரவு செல்லும் தடங்கள் (லேன்) 16-ஐப் பயன்படுத்தும் ஆர்டிஎக்ஸ் 3060 போன்ற கார்டுகளில் இதனால் விளையாட்டுகளில் ஏற்படும் இழப்பு பெரும்பாலும் கண்ணுக்கே தெரியாது.

ஆயினும் இந்த வதந்திக்கு ஒரு சிறு வேர் உண்டு. 2022 ஜனவரியில் வெளியான ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி என்ற கார்டு, 4 தடங்களையும் 4 ஜிபி நினைவகத்தையும் மட்டுமே கொண்டது, 3.0 ஸ்லாட்டில் அதன் தரவுப் பாதை நொடிக்கு ஏறத்தாழ 8 ஜிபியிலிருந்து 4 ஜிபியாகச் சுருங்குவதால், நினைவகம் நிரம்பும் விளையாட்டுகளில் அது வெளிப்படையாகவே திணறுகிறது. அப்போதும் கார்டு இயங்கத்தான் செய்கிறது, வேகம்தான் குறைகிறது.

உண்மையில் கவனிக்க வேண்டியது மின்சாரம். ஸ்லாட் 75 வாட் வரையே தரும். பவர் சப்ளையிலிருந்து கார்டுக்கு வரும் 8 முனை இணைப்பு மேலும் 150 வாட் தரும். ஆகவே, கடைக்காரர் மதர்போர்டை மாற்றச் சொல்லுமுன், பவர் சப்ளையில் அந்த இணைப்பு இருக்கிறதா என்றும், கார்டின் நீளம் கேபினெட்டுக்குள் அடங்குமா என்றும் பார்ப்பதே முறை.