மூன்று முக்கால் வீரன்

(இரவு பதினொன்று. தம்பி ‘பால்டர்ஸ் கேட் 3’ என்ற கணினி விளையாட்டின் திரையைப் பார்த்தபடி தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்கிறான். அக்கா உள்ளே வருகிறாள். இந்த விளையாட்டை இரண்டு முறை முடித்தவள் அவள். அதை அவளே தினமும் ஒருமுறை சொல்லிவிடுவாள்.)

அக்கா: என்னடா, இழவு விழுந்த மாதிரி உக்காந்திருக்கே?

தம்பி: செத்தது நான்தான். அதே சண்டையில ஆறாவது தடவை.

அக்கா: பால்டர்ஸ் கேட் 3-ஆ? என்ன பில்டு வச்சிருக்கே, ஆளை எப்படிச் செஞ்சிருக்கே, காட்டு.

தம்பி: சிரிக்கக் கூடாது.

அக்கா: காட்டுடா.

தம்பி: ஒரே ஆளுக்கு மூணு கிளாஸ், அதாவது மூணு தொழில். ஃபைட்டர் 3 லெவல், ரோக் 3 லெவல், ஸோர்சரர் 3 லெவல்.

(அக்கா சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்கிறாள். அதுதான் பயமாக இருக்கிறது.)

அக்கா: ஏண்டா இப்படி?

தம்பி: வாளும் வீசணும், பூட்டும் திறக்கணும், தீயும் எறியணும். எதையும் விட்டுக்கொடுக்க மனசு வரலை.

அக்கா: பலமரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான். ஃபீட்ங்கிற கூடுதல் பலன் எல்லாம் கிளாஸ் லெவலைப் பார்த்துதான் குடுப்பாங்க, தெரியுமா? ஒரே கிளாஸ்ல 4 தொட்டாத்தான் முதல் ஃபீட். நேரா ஃபைட்டராவே 9 லெவல் வந்திருந்தா 4-ல ஒண்ணு, 6-ல ஒண்ணு, 8-ல ஒண்ணு, மொத்தம் மூணு கிடைச்சிருக்கும். உனக்கு எத்தனை?

தம்பி: ...சைபர்.

அக்கா: ஃபைட்டர் 5-ல ரெண்டாவது அடி வரும். நீ 3-ல நின்னுட்டே. ஸோர்சரர் 5-ல ஃபயர்பால்ங்கிற தீப்பந்து மந்திரம் வரும். அதுலயும் 3-ல நின்னுட்டே. ஒவ்வொரு கடையிலயும் வாசல்படி வரைக்கும் போய்ட்டுத் திரும்பி வந்திருக்கே.

தம்பி: ரோக் இருக்கே? பதுங்கிப் போய் பின்னாடி இருந்து அடிச்சா கூடுதல் சேதாரம்.

அக்கா: கையில என்ன ஆயுதம்?

தம்பி: ரெண்டு கையால பிடிக்கிற பெரிய வாள்.

அக்கா: அந்த அடி மெல்லிசான கத்திக்கும் வில்லுக்கும்தான் வேலை செய்யும். ஆமா, உடம்புல என்ன மாட்டியிருக்கே?

தம்பி: முழு இரும்புக் கவசம்.

அக்கா: அதைப் போட்டுக்கிட்டுப் பதுங்கினா, ஜெயிச்சியா தோத்தியான்னு சொல்ற பகடை ரெண்டு தடவை உருளும், குறைஞ்சதைத்தான் எடுத்துக்கும். பாத்திரக் கடைக்குள்ள யானை பதுங்கின மாதிரிதான்.

தம்பி: அதான் எல்லாரும் திரும்பித் திரும்பிப் பாக்குறாங்களா! நான் என் முகவெட்டுக்காகன்னு நினைச்சேன். புருவத்துக்கு மட்டும் ரெண்டு மணி நேரம் செலவு பண்ணினேன் அக்கா.

அக்கா: அதுக்கு மேல இரும்புத் தொப்பி.

தம்பி: தொப்பியை மறைக்க ஆப்ஷன் இருக்கு.

அக்கா: அதை மட்டும் சரியாக் கண்டுபிடிச்சிருக்கே. ஆளோட ஸ்டாட்ஸைக் காட்டு.

(காட்டுகிறான்.)

அக்கா: பலம் 17, சுறுசுறுப்பு 15, அறிவு 16. மத்த மூணும் 8. கையில குடுத்த 27 பாயிண்டையும் மூணுத்துலயே கொட்டிட்டியா?

தம்பி: ஒவ்வொண்ணையும் 8-லேருந்து 15 வரைக்கும் ஏத்த 9 பாயிண்ட். மூவொம்பது இருபத்தேழு. அதுக்கு மேல +2-ம் +1-ம் சும்மா கிடைச்சுது. கணக்கு அழகா முடிஞ்சுது.

அக்கா: கணக்கு முடிஞ்சுது, ஆளும் முடிஞ்சான். சரி, அறிவு எதுக்கு 16?

தம்பி: மந்திரவாதிக்கு அறிவு வேண்டாமா?

அக்கா: அது விஸார்டுக்கு. அவன் புத்தகத்தைப் படிச்சு மந்திரம் கத்துக்கிறவன். ஸோர்சரருக்கு அது பிறவியிலேயே வர்றது, அவனுக்குக் கவர்ச்சிதான் எல்லாம். உன் கவர்ச்சி 8. அதாவது ஒவ்வொரு மந்திரத்துக்கும் -1.

தம்பி: (மெல்ல) அப்ப அந்த -1 அங்கேருந்துதான் வருதா...

அக்கா: எந்த -1?

தம்பி: காவல்காரன்கிட்ட பேசி உள்ள போகணும். 15 வேணும். பகடை உருண்டு உருண்டு 15-லயே நின்னுச்சு! எழுந்து குதிச்சுட்டேன் அக்கா. நான் குதிச்சு முடிக்கிறதுக்குள்ள ஓரத்துலேருந்து ஒரு -1 சாவகாசமா மிதந்து வந்து பகடை மேல ஒட்டிக்கிச்சு. 14. வாளை உருவிட்டான்.

அக்கா: இன்ஸ்பிரேஷன் பாயிண்ட் போட்டு மறுபடி உருட்ட வேண்டியதுதானே?

தம்பி: நாலும் காலி.

அக்கா: சேவ் பண்ணி வச்சதை எத்தனை தடவை திரும்ப லோட் பண்ணினே?

தம்பி: அது வேண்டாம் விடு.

அக்கா: சரி, கூட யாரையெல்லாம் கூட்டிக்கிட்டுச் சுத்துறே?

தம்பி: லேஸெல், அஸ்டாரியன், கேல்.

அக்கா: ஃபைட்டர், ரோக், விஸார்ட். வாள் வீச ஒருத்தி, பூட்டுத் திறக்க ஒருத்தன், தீ எறிய ஒருத்தன். அவங்க மூணு பேரும் முழுசாப் பண்ற வேலையை அரைகுறையாப் பண்றதுக்கு நாலாவதா நீ.

தம்பி: லேஸெல் என்னை ஒரு மாதிரிதான் பாக்குறா.

அக்கா: பாக்காம? போய் வித்தர்ஸைப் பாரு. கூடாரத்துல ஒரு எலும்புக்கூட்டுப் பெரியவர் நிக்கிறாரே, அவர்தான். 100 பொற்காசு குடுத்தா எல்லாத்தையும் அழிச்சு முதல்லேருந்து செஞ்சுக்கலாம்.

தம்பி: அது துரோகமில்லையா? ஒன்பது லெவல் வளர்த்த புள்ளை அக்கா.

அக்கா: ஆறு தடவை சாகக் குடுத்தது மட்டும் பாசமா? பேரு, மூஞ்சி எதுவும் மாறாது. புருவம் அப்படியே இருக்கும்.

தம்பி: புருவம் இருக்குமா?

(அடுத்த நொடி வித்தர்ஸ் முன்னால் நிற்கிறான். 100 போகிறது.)

அக்கா: ஒரே கிளாஸ்.

தம்பி: ஃபைட்டர். ஆனா ஒரே ஒரு லெவல் மட்டும் ரோக்...

அக்கா: கையை எடு.

தம்பி: சரி சரி. முழு ஃபைட்டர். கவசம் கனமானதுதானே, அதுக்குச் சுறுசுறுப்பு கணக்கே இல்லை. அதை 8-ல விட்டுட்டேன். பேச்சு மத்தவங்க பாத்துக்கட்டும், கவர்ச்சியும் 8. பலம், உடல் உறுதி ரெண்டும் உச்சம். எப்படி?

அக்கா: பரவாயில்லையே! தேறிட்டேடா.

(அக்கா எழுந்து போகிறாள். கதவருகே போனவள் திரும்பிப் பார்க்கிறாள். திரையில் வீரன் வித்தர்ஸின் முதுகுப் பக்கம் குனிந்து நிற்கிறான்.)

அக்கா: என்னடா பண்றே?

தம்பி: குடுத்த 100-ஐ அவர்கிட்டேருந்தே திரும்பத் திருடிக்கலாமாம். எல்லாரும் பண்றாங்களாம்.

அக்கா: ரோக்கை அழிச்சு ஒரு நிமிஷம் ஆகலை, அதுக்குள்ள திருடக் கிளம்பிட்டியா? மாட்டிக்கிட்டா?

தம்பி: பேசிச் சமாளிச்சுக்குவேன்.

(அக்கா திரும்பி வந்து, திரையில் ஓர் எண்ணின் மேல் விரலை வைக்கிறாள். 8.)